550 டாலர் பாக்கிக்குச் சிறை: ஜார்ஜியாவின் ஓர் இழப்பீட்டு வழக்கு

எந்த வழக்கு, ஏன் இது

இழப்பீடு, நன்னடத்தைக் கண்காணிப்பு (சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணிப்பது), சமூகப் பணி என்று சிறைக்கு வெளியே நடக்கும் தண்டனைகளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். சரி, கட்டச் சொன்ன பணத்தை அவர் கட்டவில்லை, இப்போது என்ன செய்வது? உள்ளே போடுவதா, விட்டுவிடுவதா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இன்றும் எல்லா மாநில நீதிமன்றங்களும் திரும்பிப் பார்க்கிற பதில், ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு சின்ன வழக்கிலிருந்து வந்தது. கொலை இல்லை, பெரிய மோசடி இல்லை. வீடு புகுந்த குற்றம் ஒன்று, திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருந்த குற்றம் ஒன்று, மொத்தம் 750 டாலர்.

தீர்ப்பு பொது ஆவணம்தான், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தொகுப்பின் 461ஆம் தொகுதி 660ஆம் பக்கத்தில் யாரும் படிக்கலாம். ஆனாலும் தண்டனை பெற்று, பிறகு மேல்முறையீடு செய்தவரை இங்கே மனுதாரர் என்று மட்டும் சொல்கிறேன். யார் என்பதைவிட எந்த இடத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது.

பின்னணி: இரண்டு பக்கமிருந்து வந்த சட்டங்கள்

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துச் சட்டச் சூழலைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 1960களின் நடுவிலிருந்து அமெரிக்க மாநிலங்களில் இரண்டு வேறு வேறு இயக்கங்கள் நடந்துகொண்டிருந்தன, இரண்டுக்கும் ஆரம்பத்தில் ஒன்றோடொன்று பெரிய பேச்சுவார்த்தை இல்லை.

ஒன்று, சிறையைக் குறைக்க வேண்டும் என்பது. கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) 1966இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். போக்குவரத்து விதியை மீறிய பெண்களில் பலருக்கு அபராதம் கட்டக் காசு இல்லை, சிறைக்கு அனுப்பினால் வீட்டில் பிள்ளைகளின் கதி என்ன என்று தெரியவில்லை, அதனால் சம்பளமில்லாத பொதுவேலை செய்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நீதிமன்றம் சொல்லிச் செய்யும் சமூகப் பணிக்கு அமெரிக்காவில் முன்னோடி இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1972இல் மின்னசோட்டா ஒரு இழப்பீட்டு மையத்தைத் திறந்தது. சொத்துக் குற்றத்தில் சிறைக்குப் போனவர்கள் சில மாதங்களில் வெளியே வந்து அங்கே தங்கி, வேலைக்குப் போய், பாதிக்கப்பட்டவரோடு போட்ட ஒப்பந்தப்படி பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த வருடமே அதே மாநிலம் சமூகச் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குற்றவாளிகளை மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் உள்ளூரிலேயே கண்காணிக்க விரும்பும் கவுண்டிகளுக்கு மாநிலம் பணம் கொடுக்கும் என்பது அதன் சாரம். பிறகு வேறு மாநிலங்களும் இதே மாதிரிச் சட்டங்களைப் போட்டன. ஜார்ஜியாவும் 1970களின் நடுவில் இழப்பீட்டுத் தங்குமிடங்களை நடத்தியது: பகலில் வெளியே வேலை, இரவில் திரும்பிவிட வேண்டும், கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்கு.

இன்னொன்று, பாதிக்கப்பட்டவர்களின் குரல். குற்றவாளிக்கு வழக்கறிஞர், அரசுக்கு வழக்கறிஞர், அடிபட்டவருக்கு யார் என்ற கேள்வி. கலிபோர்னியா 1965இலேயே அரசுப் பணத்தில் உதவி தரும் திட்டம் ஆரம்பித்திருந்தது. 1982 ஜூனில் அதே மாநில வாக்காளர்கள், குற்றவாளியிடமிருந்து இழப்பீடு பெறுவதை அரசியலமைப்பு உரிமையாகவே ஆக்கினார்கள். அதே வருடம் ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டமும் வந்தது, இழப்பீடு உத்தரவு போடாத நீதிபதி ஏன் போடவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும் என்றது.

இந்த இரண்டும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான், நன்னடத்தை அலுவலரின் மேசை. சிறைக்கு வெளியே வைத்திருக்க வேண்டியவரும் அவர், பணம் வசூலிக்க வேண்டியவரும் அவர். இரண்டு வேலையும் எப்போதும் ஒத்துப்போகாது. இந்த வழக்கில் ஒத்துப்போகவில்லை.

ஜார்ஜியாவில் இன்னும் ஒரு சட்டம் உண்டு, 1968இல் வந்த முதல் குற்றவாளிச் சட்டம். முதல் தடவை தப்பு செய்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதாமல் நிறுத்தி வைத்து நன்னடத்தையில் அனுப்பலாம். நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் அவர் பேரில் தண்டனைப் பதிவே கிடையாது. தவறினால் நிறுத்தி வைத்த தீர்ப்பை எழுதித் தண்டனை கொடுக்கலாம். நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன், ஆனால் தவறினால் விழுகிற அடி பெரிது. சிறையோடு குற்றவாளி என்ற பெயரும் சேர்ந்து வரும்.

1980 அக்டோபர்: உத்தரவு

மனுதாரர் மாநிலத்தின் வடமேற்கே, டென்னசி எல்லையோரம் இருந்தவர். ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போயிருக்கிறார், ஆனால் வாசிக்கத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1980 அக்டோபரில் விசாரணை நீதிமன்றம் முதல் குற்றவாளிச் சட்டத்தின்கீழ் தீர்ப்பை நிறுத்தி வைத்து, வீடு புகுந்ததற்கு மூன்று ஆண்டு, திருட்டுப் பொருளுக்கு ஓராண்டு என்று இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும்படி நன்னடத்தைக் காலம் விதித்தது. நிபந்தனையாக 500 டாலர் அபராதம், 250 டாலர் இழப்பீடு. அன்றைக்கே 100, மறுநாள் 100, மீதி 550ஐ நான்கு மாதத்துக்குள்.

பணத்தின் பிரிவைக் கொஞ்சம் கவனியுங்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் பாதிக்கப்பட்டவருக்கு. பின்னால் உச்ச நீதிமன்றத்தில் அரசு, பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதைத்தான் தன் முதல் வாதமாக வைத்தது. அந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிரிவுதான் நினைவுக்கு வரும்.

உத்தரவு கொடூரமானது என்று சொல்ல முடியாது. அப்போது ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.10 டாலர். 550 டாலர் என்றால் சுமார் 177 மணி நேர வேலை, பிடித்தம் எதுவும் இல்லாமல் கணக்குப் போட்டால் நான்கரை வாரக் கூலி. வேலையில் இருக்கும் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு மாதத்தில் கட்டிவிடலாம். அந்த வேலை நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த உத்தரவும் நின்றது. வேலை போனால் என்ன என்பதற்கு அதில் வழி எதுவும் இல்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை

முதல் 200 டாலரை மனுதாரர் பெற்றோரிடம் கடன் வாங்கிக் கட்டினார். சுமார் ஒரு மாதத்தில் வேலை போய்விட்டது, ஆட்குறைப்பு. திரும்பத் திரும்ப வேறு வேலை தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. 1980இன் முதல் பாதியில் ஒரு பொருளாதார மந்தம் வந்து போயிருந்தது, 1981 ஜூலையில் அடுத்தது தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் எழுதப் படிக்கத் தெரியாத, வழக்கு நிலுவையில் இருக்கிற ஒருவர் வேலை தேடி அலைந்தார். அந்தக் காலத்தில் அவருக்கு வருமானமோ சொத்தோ எதுவும் இல்லை என்பது வழக்குப் பதிவில் இருக்கிறது.

1981 பிப்ரவரியில் கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், வேலை கிடைக்கவில்லை, பணம் கட்டத் தாமதமாகும் என்று நன்னடத்தை அலுவலகத்துக்கு அவரே சொன்னார். ஓடி ஒளியவில்லை. கண்காணிப்பில் இருப்பவர்களோடு வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பணம் கட்ட முடியாதவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது அலுவலகத்துக்குப் போவதை நிறுத்துவதுதான், பயம். இவர் அதைச் செய்யவில்லை.

மொத்த வழக்கிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அந்தத் தகவல் கிடைத்த நாளில் செய்யக்கூடியது எத்தனையோ இருந்தது. நீதிமன்றத்தில் கெடு நீட்டிக்கக் கேட்டிருக்கலாம். தவணையைச் சின்னதாக்கலாம். முதலில் 250ஐ மட்டும் கட்டு, அபராதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வரிசையை மாற்றியிருக்கலாம். அபராதத்துக்குப் பதிலாகப் பொதுவேலை கொடுத்திருக்கலாம், அலமீடா அதைச் செய்ய ஆரம்பித்து அப்போதே பதினாலு வருடம் ஆகியிருந்தது. நன்னடத்தைக் காலம் இன்னும் இரண்டரை வருடத்துக்கு மேல் பாக்கி, அவசரம் யாருக்கும் இல்லை.

1981 மே: நன்னடத்தை ரத்து

மே மாதம் அரசு மனுப் போட்டது, பாக்கியைக் கட்டவில்லை, நன்னடத்தையை ரத்து செய்யுங்கள் என்று. சாட்சிய விசாரணை நடந்தது. நன்னடத்தை ரத்துக்கு விசாரணை கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லியாயிற்று, ஆகவே நடைமுறையில் அந்த மட்டும் குறை இல்லை. கேட்ட கேள்விதான் குறை. கட்டச் சொன்னோமா, சொன்னோம். கட்டினாரா, இல்லை. ஏன் கட்டவில்லை என்பதற்கான சாட்சியம் பதிவில் ஏறியது, ஆனால் தீர்ப்பில் அதற்கு எடையே இல்லை. அவரால் முடியவில்லையா அல்லது மனமில்லையா என்று நீதிமன்றம் ஒரு முடிவுக்கு வரவே இல்லை. நீதிமன்ற உத்தரவை மீறினார், அதனால் சிறை, அவ்வளவுதான்.

நிறுத்தி வைத்த குற்றத் தீர்ப்பை எழுதினார்கள். முதலில் நன்னடத்தைக் காலத்தைவிட நீளமான சிறைத் தண்டனை விதித்து, அப்படி நீளமாக வரக்கூடும் என்று ஆரம்பத்தில் அவரை எச்சரித்ததற்குப் பதிவு இல்லாததால் அதைக் குறைத்து, மீதமிருந்த நன்னடத்தைக் காலம் முழுவதையும் சிறையில் கழிக்க உத்தரவிட்டார்கள்.

1980 அக்டோபரில் இதே நீதிமன்றம் இதே மனிதரைப் பார்த்து, இவரைச் சிறையில் வைக்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருந்தது. ஏழு மாதத்தில் அவர் புதிதாக எந்தக் குற்றமும் செய்ததாக மனுவில் இல்லை. மாறியது அவர் கையில் இருந்த காசு மட்டும்.

மேல்முறையீடு: அரசு சொன்ன காரணங்கள்

ஜார்ஜியா மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய மாநிலத் தீர்ப்புகளைக் காட்டி ரத்தை உறுதி செய்தது. மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. வேறு சில நீதிமன்றங்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்ததால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்க ஒப்புக்கொண்டது.

அங்கே ஏற்கெனவே இரண்டு தீர்ப்புகள் இருந்தன. 1970இல் இல்லினாய் வழக்கு: சில்லறைத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனையான ஓராண்டு சிறையும் 500 டாலர் அபராதமும் 5 டாலர் செலவும் விதித்து, கட்ட முடியாததால் நாளுக்கு 5 டாலர் வீதம் கழித்து இன்னும் 101 நாள் உட்காரச் சொன்னார்கள். சட்டம் வைத்த உச்சவரம்பை ஏழைக்கு மட்டும் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம். 1971இல் ஹூஸ்டன் வழக்கு: அபராதம் மட்டுமே உள்ள போக்குவரத்துக் குற்றங்களுக்கு 425 டாலர், அதே நாளுக்கு 5 டாலர் கணக்கில் 85 நாள் சிறைப் பண்ணை. அதுவும் கூடாது என்றார்கள். ஆனால் ஜார்ஜியா வழக்கு இந்த இரண்டிலும் அடங்காது. இங்கே குற்றத்துக்குச் சட்டப்படி சிறை உண்டு, நன்னடத்தை என்பது சலுகை. சலுகையின் நிபந்தனையை மீறினால் சலுகை போகும் என்று அரசு சொன்னது, கேட்கும்போது நியாயம் மாதிரிதான் இருக்கிறது.

அரசு வைத்த காரணங்கள் மூன்று. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வந்து சேர வேண்டும், சிறை பயம் இருந்தால்தான் கட்டுவார்கள் என்பது முதலாவது. கையில் காசில்லாதவர் மறுபடி குற்றத்துக்குப் போக வாய்ப்பு அதிகம், சமூகத்தின் பாதுகாப்புக்காக உள்ளே வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. தப்பு செய்தவருக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும், மற்றவர்களுக்கும் அது எச்சரிக்கை என்பது மூன்றாவது.

1983 மே 24: தீர்ப்பு

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பதவிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அரிசோனாவில் சட்டமன்ற உறுப்பினராகவும் விசாரணை நீதிபதியாகவும் இருந்தவர், அதனாலோ என்னவோ தீர்ப்பில் தத்துவத்தைவிட நடைமுறைதான் அதிகம்.

முதல் காரணத்துக்கு அவர் சொன்ன பதில் நேரானது. கட்ட வழியே இல்லாதவரைச் சிறையில் போட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் திடீரென்று பணம் வந்துவிடாது. கட்டாவிட்டால் கம்பி என்று பயமுறுத்தினால், எப்படியாவது கட்ட வேண்டும் என்று தவறான வழியில் பணம் தேடத்தான் அது தள்ளும். இரண்டாவது காரணத்துக்கு அவர் இன்னும் கடுமையாகப் பதில் சொன்னார்: இது ஒருவரை அவருடைய வறுமைக்காகத் தண்டிப்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவதை அவர் தள்ளிவிடவில்லை. ஏழையாக இருப்பது தண்டனையிலிருந்து தப்பிக்கும் சீட்டு ஆகாது, அரசுக்குத் தண்டிக்கும் உரிமை உண்டு. ஆனால் அதைச் சிறை இல்லாமலே நிறைவேற்ற வழிகள் இருக்கும்போது முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். கெடுவை நீட்டலாம், தொகையைக் குறைக்கலாம், அபராதத்துக்குப் பதிலாக ஏதாவது வேலையோ பொதுச்சேவையோ செய்யச் சொல்லலாம்.

இதிலிருந்து வந்த விதியைச் சுருக்கமாகச் சொன்னால்: பணம் கட்டாததற்காக நன்னடத்தையை ரத்து செய்யும் முன் நீதிமன்றம் காரணத்தை விசாரித்தே ஆக வேண்டும். வேண்டுமென்றே கட்டவில்லை, அல்லது பணம் திரட்ட நேர்மையாகப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்றால் சிறைக்கு அனுப்பலாம். முயன்றும் முடியவில்லை என்றால் மாற்று வழிகளை முதலில் பரிசீலிக்க வேண்டும். எந்த மாற்றும் அந்த வழக்கில் போதாது என்று முடிவுக்கு வந்தால்தான் சிறை. இதற்கு ஆதாரம் அமெரிக்க அரசியலமைப்புக்கு 1868இல் வந்த பதினான்காம் திருத்தம், சட்டம் எல்லோரையும் சமமாகக் காக்க வேண்டும், நியாயமான நடைமுறை இல்லாமல் யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற அதன் இரண்டு விதிகளும் கலந்து.

ஒன்பது பேரும் ரத்தைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டார்கள், ஆனால் காரணத்தில் ஐந்துக்கு நான்கு. நீதிபதி பைரன் ஒயிட்டும் அவரோடு மூவரும் தனியாக எழுதினார்கள். கட்ட முடியாதவருக்கு, முதலிலேயே அபராதம் இல்லாமல் சிறை என்று விதித்திருந்தால் எவ்வளவு விதித்திருப்போமோ அந்த அளவுக்கு நியாயமான சிறைத் தண்டனை கொடுக்க அரசியலமைப்பு தடை சொல்லவில்லை, ஜார்ஜியா அப்படி எந்தக் கணக்கும் போடாமல் மீதிக் காலம் முழுவதையும் இயந்திரம் மாதிரி சிறையாக மாற்றியதுதான் தவறு என்பது அவர்கள் நிலை. மேம்போக்காகப் படித்தால் இது கறாராகத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள், நீதிபதி மனதில் ஓடுகிற மாற்றுவழிக் கணக்கை யார் சரிபார்ப்பது என்ற கவலை அதில் இருக்கிறது. பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் அந்தக் கவலை வீண் இல்லை.

வழக்கு ஜார்ஜியாவுக்கே திரும்பிப் போனது. போதிய முயற்சி இல்லை என்றோ மாற்றுத் தண்டனை போதாது என்றோ அந்த நீதிமன்றங்கள் முடிவு செய்தால் ஒழிய, அவர் நன்னடத்தையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. முதல் உத்தரவின்படி அந்த மூன்று ஆண்டு முடிவது 1983 அக்டோபரில். 550 டாலர் பற்றிய கேள்விக்குச் சரியான விடை கிடைத்தபோது காலத்தில் பாக்கி ஐந்து மாதம்.

அதற்குப் பிறகு ஜார்ஜியாவில்

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். விதி எல்லா மாநிலத்துக்கும் பொருந்தியது, சட்டப் புத்தகங்களில் ஏறியது. ஆனால் காரணத்தை விசாரி என்று சொன்ன தீர்ப்பு, எப்படி விசாரிப்பது, யார் விசாரிப்பது, எந்த வருமானத்துக்குக் கீழே இருந்தால் முடியாதவர் என்று எடுத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. மனமில்லாதவர், முடியாதவர் என்ற கோட்டை ஒவ்வொரு நீதிபதியும் தன் விருப்பப்படி போட்டுக்கொண்டார்.

ஜார்ஜியாவிலேயே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. 2000இல் செய்த சட்ட மாற்றத்தால் சிறு குற்றங்களுக்கான கண்காணிப்பை மாநிலம் கைவிட்டு உள்ளூர் நிர்வாகங்களிடம் விட்டது, அவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடம் விட்டன. நிறுவனத்துக்கு அரசு பணம் தருவதில்லை, கண்காணிப்பில் இருப்பவரே மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். அபராதத்தை அன்றைக்கே கட்ட முடிந்தவர் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முடியாதவர் கட்டி முடிக்கும் வரை கண்காணிப்பில் இருந்து, அபராதத்தோடு கண்காணிப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். வேறு எந்தக் காரணமும் இல்லாமல், பணத்துக்காக மட்டுமே கண்காணிப்பு. வாங்கியவனிடமே வட்டியையும் சேர்த்துப் பிடிக்கிற கந்துவட்டிக் கணக்குதான் இது.

2014இல் அந்த நிறுவனங்களுக்குச் சாதகமான ஒரு மசோதாவை அப்போதைய ஆளுநர் நேதன் டீல் தடுத்து நிறுத்தினார். 2015இல் புதிய சட்டம் வந்தது. சமூகக் கண்காணிப்புக்கென்று தனித் துறை உருவானது. பணத்துக்காக மட்டும் கண்காணிப்பில் இருப்பவரிடம் மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். பண நெருக்கடி உள்ளவருக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யவோ மாற்றவோ சமூகப் பணியாக மாற்றவோ வழி எழுதினார்கள், யாரை நெருக்கடியில் இருப்பவராகக் கருத வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே வைத்தார்கள். 1983இல் தீர்ப்பு சொல்லாமல் விட்டதில் ஒரு பகுதி, 32 வருடம் கழித்து, அதே மாநிலத்தின் சட்டத்தில் வந்தது.

மாற்றியிருக்க வேண்டியவை

இந்த வழக்கைத் திரும்ப நடத்த முடிந்தால் எங்கெங்கே கைவைக்கலாம்?

முதலில் உத்தரவு போட்ட நாள். அபராதத்தையும் இழப்பீட்டையும் ஒரே 750ஆகக் கட்டியதுதான் சிக்கலின் வேர். இழப்பீட்டைத் தனியாகப் பிரித்து, வருகிற பணம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குத்தான் என்று எழுதியிருந்தால், பெற்றோரிடம் கடன் வாங்கிக் கட்டிய 200லேயே அந்த 250இல் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். மீதி 50. வேலை போன பிறகும் அந்த 50ஐ எங்கேயாவது புரட்டியிருக்க முடியும். பாதிக்கப்பட்டவர் கணக்கு முடிந்திருக்கும், அரசுக்கு மட்டும் 500 பாக்கி, அதை வேலையாக மாற்றிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது பிப்ரவரியில் வந்த தகவல். கண்காணிப்பில் இருப்பவர் முடியாது என்று முன்கூட்டிச் சொன்னால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அலுவலரின் நல்ல மனதுக்கு விடக் கூடாது. வருமானம், குடும்பச் செலவு, வேலை தேடிய விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி, அது தானாகவே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். மூன்று மாதம் கழித்து ரத்து மனுவாக வருவதைவிட இது மலிவு.

மூன்றாவதை நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். சமூகப் பணியை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்லிவிடுகிறார்கள், ஓ'கானர் தீர்ப்பிலும் அதைக் கவனமாக அபராதத்துக்குப் பதிலாக என்றுதான் சொல்லியிருக்கிறது. ஒருவர் பூங்காவில் நூறு மணி நேரம் குப்பை பொறுக்கினால் அரசுக்கு ஏதோ கிடைக்கிறது, வீடு உடைக்கப்பட்டவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அபராதத்தை வேலையாக மாற்றலாம், இழப்பீட்டை மாற்ற முடியாது. குற்றவாளியிடம் உண்மையிலேயே காசில்லை என்று ஒத்துக்கொண்ட பிறகு, பாதிக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது மட்டும் எப்படி நியாயம்? அங்கே வேறு ஒருவர் பணம் போட்டாக வேண்டும்.

வெர்மான்ட் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 2004இல் அங்கே இழப்பீட்டுக்கென்று ஒரு தனிப் பிரிவு செயல்பட ஆரம்பித்தது. மாநிலத்தில் விதிக்கும் அபராதங்களின்மேல் 15 சதவீதம் கூடுதலாக வசூலித்து ஒரு நிதி. நீதிமன்றம் இழப்பீட்டு உத்தரவு போட்டதும் ஒரு வரம்பு வரை பாதிக்கப்பட்ட தனிநபருக்கு அந்த நிதியிலிருந்தே பணம் போய்விடும், பிறகு குற்றவாளியிடம் மெதுவாக வசூலிப்பது அந்தப் பிரிவின் தலைவலி. 250 டாலர் மாதிரித் தொகைகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டியதில்லை, குற்றவாளி வேலையிழந்தால் அது ஒரு வசூல் பிரச்சினையாக மட்டும் இருக்கும், சிறைப் பிரச்சினை ஆகாது. அபராதம் கட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஏழைகள்தானே, அவர்கள் மேல் இன்னும் 15 சதவீதமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. பொது வரிப்பணத்திலிருந்து அந்த நிதியைப் போடலாம் என்பது என் கட்சி.

ஜார்ஜியாவின் சட்டத்தொகுப்பில் இன்று இழப்பீட்டு உத்தரவைச் சிவில் தீர்ப்பு மாதிரி நிறைவேற்றிக்கொள்ள வழி இருக்கிறது. தொகையை நிர்ணயிக்கும்போது குற்றவாளியின் வருமானம், கடமைகள், அவரை நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தோம் என்பதற்கு நீதிபதி ஒவ்வொரு உத்தரவிலும் இரண்டு வரியாவது எழுதினால்தான், மேல்முறையீட்டில் யாராவது அதைச் சரிபார்க்க முடியும். 1980 அக்டோபர் உத்தரவோடு அப்படி இரண்டு வரி இருந்து, அதில் தற்போதைய வேலையை நம்பி என்று எழுதியிருந்தால், வேலை போனது தெரிந்த நாளிலேயே அந்த உத்தரவை மாற்றக் கேட்க ஒரு பிடி கிடைத்திருக்கும்.